மேனேஜரின் மஞ்சள்

தம்பி கப்பலுக்குக் கிளம்பியது ஒரு புதன்கிழமை காலை. வாசலில் கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் வெறும் சாக்ஸுமாகக் கூடத்தில் நின்றபடி, அவன் அக்காவுக்குப் பல்லி வளர்க்கக் கற்றுக்கொடுத்தான்.

"இந்தப் பக்கம் சூடுக்கா, அந்தப் பக்கம் குளிர்ச்சி. மாத்திடாத. அந்தக் குட்டி டப்பாக்குள்ள ஈர டிஷ்யூ இருக்கு, காயவே கூடாது. புழு மேல வெள்ளைப் பவுடரைத் தூவிப் போடு. உயிரோட நெளியணும், செத்ததைத் தொடாது."

"எந்த வெள்ளைப் பவுடர்?"

"கால்சியம். பாத்ரூம்ல வெச்சிருக்கேன், பல் பவுடர் பக்கத்துல."

"ரெண்டும் வெள்ளையாத்தானேடா இருக்கும்!"

"உனக்கா தெரியாது? நீதான் வெள்ளையில முப்பது வெள்ளை பாக்குறவளாச்சே!" என்று சொல்லி, இன்னொரு ஷூவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஓடினான். கார் போய்விட்டது. கூடத்தில் மிச்சம் இருந்தது ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் குகை, குகைக்குள் ஒரு வால்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. சரக்குக் கப்பலில் சமையல் வேலை. இன்னும் இரண்டு மாதம் லீவு இருக்கிறது என்று நம்பித்தான், ஆசை ஆசையாக முந்தின நாள் மாலை அதை வாங்கிக்கொண்டு வந்தான். பெட்டியை மேஜையில் வைத்து, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோதே போன் வந்தது. வேறொரு சமையல்காரருக்கு உடம்பு சரியில்லையாம், உடனே வா என்றார்கள்.

அக்கா வேலையிலிருந்து வீடு திரும்பியபோது அவன் பாதித் துணிப்பெட்டி கட்டியாகிவிட்டது. ஆகவே அந்தப் பிராணி என்ன ஏது என்று அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேர் என்ன என்று கேட்டதற்கு, சட்டை மடித்துக்கொண்டே "லெப்பர்ட் கெக்கோ" என்றிருந்தான்.

"லெப்பர்ட்னா சிறுத்தை இல்ல?" என்றார் அப்பா. "சிறுத்தைய வீட்டுக்குள்ள விட்டுட்டு இவன் நிம்மதியாக் கடலுக்குப் போறான் பாரு."

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது முப்பத்தெட்டு. ஒரு பெயிண்ட் கடையில் பில் போடச் சேர்ந்தவள். சேர்ந்த புதிதில் ஒருவர் உடைந்த சுவர்க்காரைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, இதே நிறம் வேண்டும் என்று நின்றார். ஷேடு அட்டையில் இருக்கும் எதுவும் பொருந்தவில்லை. பில் மேஜையிலிருந்து இவள் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் சிவப்பு கம்மி, ஒரு பொட்டு கறுப்பு கூட" என்று சும்மா சொன்னாள். அப்படியே கலந்தார்கள். பொருந்தியது. அதோடு பில் மேஜை வேறொருவருக்குப் போயிற்று, இவள் கலவை மேஜைக்கு வந்தாள்.

அன்றிலிருந்து அவள் வேலை அதுதான். திரைச்சீலைத் துண்டு, பழைய கதவுச் சில்லு, சட்டைப் பொத்தான் என்று எதை நீட்டினாலும் கடை வாசலுக்கு எடுத்துப் போவாள். வெயில் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்து கலப்பாள். ஒரு வெள்ளை அட்டையில் பட்டையாகத் தீற்றிக் காயவைத்து, மாதிரியின் பக்கத்தில் வைத்துக் காட்டுவாள். எது அட்டை, எது மாதிரி என்று வாங்க வந்தவரே திணறுவார். பெயிண்டர்கள் அவளுக்கு வைத்த பேர் 'கலர் அக்கா'. மனிதர்களையும் அவள் அப்படித்தான் நினைவில் வைத்திருந்தாள். முதலாளி ஈரச் சிமெண்ட், பக்கத்துக் கடைக்காரர் பழைய தந்தம். அப்பா முப்பது வருஷம் லிஃப்ட் ஆபரேட்டராகப் போட்டிருந்த சீருடை மட்டும் எந்த அட்டையிலும் இல்லாத ஒரு பழுப்பு.

அந்தக் கண்தான் அவளுக்குச் சோறு போட்டது. அந்தக் கண்ணால்தான் நாலு பேர் அவளை மதித்தார்கள். அவளும் அதை நம்பியே நடந்தாள்.

பல்லி விஷயத்தில் முதல் வாரம் முழுக்க ஒரே குழப்பம். அப்பா அதைச் சுவர்ப்பல்லி என்றார். ஆனால் அது கண்ணாடியில் ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்தது. "பல்லின்னா ஒட்டணுமே! இதுக்குக் கால்ல பசையே இல்ல" என்றார். கலர் அக்கா போனில் எடுத்துப்போன படத்தைப் பார்த்து, கடையில் ஒருவர் ஓணான் என்றார், ஒருவர் உடும்புக் குட்டி என்றார். வாடிக்கையாகப் பெயிண்ட் வாங்க வரும் மேஸ்திரி மட்டும் தூர நின்று பார்த்து, "முதலைன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் உங்க வீட்டுப் பக்கமே வரல" என்றார்.

அப்பாதான் ஒருநாள் சாயங்காலம் சமையலறைக்கே ஓடி வந்தார். "கண்ணை மூடித் திறக்குதும்மா! சுவர்ப்பல்லிக்கு இமை ஏது? இது நம்மள மாதிரி கண் சிமிட்டுது!" கலர் அக்கா வீடியோக்களைத் தேடிப் பார்த்தாள். இமை உண்டு, ஒட்டும் பாதம் கிடையாது, பட்டை போட்ட உடம்பு, தடித்த வால். அப்படியானால் தம்பி சொன்ன பேர் சரிதான். ஆனால் எந்த வீடியோவைத் திறந்தாலும் அந்தப் பிராணி ஒவ்வொரு நிறத்தில் இருந்தது. ஒன்று எலுமிச்சை, ஒன்று ஆரஞ்சு, ஒன்று பால் வெள்ளை. நிறத்தை வைத்தே உலகத்தைப் பிரித்துப் பழகியவளுக்கு அது பெரிய தலைவலி. வீடியோவை மூடிவிட்டாள்.

பகலெல்லாம் குகைக்குள் தூங்கி, சாயங்காலம் ஆனதும் மெதுவாக வெளியே வந்து, வைத்ததைத் தின்றுவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். "எங்க பில்டிங் ஏழாவது மாடி மேனேஜர் இப்படித்தான்" என்றார் அப்பா. அதோடு அதன் பேர் மேனேஜர் ஆயிற்று.

கலர் அக்காவுக்கு ஒரு பழக்கம். மனசுக்குப் பிடிபடாத எதையும் அவள் கலந்து பார்த்துவிடுவாள். தம்பி போன மறுநாளே, மேனேஜரின் பட்டைகளுக்கு இடையில் இருந்த மஞ்சளைக் கண்ணிலேயே ஏந்திக்கொண்டு கடைக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கலந்து அட்டையில் தீற்றினாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியோரம் வைத்துப் பார்த்தால் அச்சு அசல். அட்டையைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தாள். என்னவென்றே தெரியாத ஒன்றைப் பற்றி ஒரு விஷயமாவது நிச்சயமாகத் தெரிந்துவிட்ட திருப்தி.

அந்தத் திருப்தி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஒருநாள் மேஸ்திரி கடைக்கு வந்து, வழக்கமான கிண்டல் இல்லாமல் நின்றார்.

"அக்கா, பல் டாக்டர் கிளினிக் வராந்தா... முதல் டின்னும் ரெண்டாவது டின்னும் சேரல. பாதிச் சுவர் ஒரு மாதிரி, மீதி ஒரு மாதிரி. டாக்டர் குதிக்கிறாரு."

"ஒரே கலவைதான் மேஸ்திரி."

"அதையேதான் நானும் சொன்னேன்."

சாயங்காலம் அவளே போய்ப் பார்த்தாள். சேரத்தான் இல்லை. வராந்தாவின் பாதியில் கோடு கிழித்ததுபோல் சுவரின் நிறம் மாறியது. முதலாளி திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. "கண்ணை ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்கங்களேன்" என்று மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு அட்டையையும் மூன்று தடவை வாசலுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தாள். வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது, அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் சித்தி மகள் வீடு மாறினாள். சாமான் கட்டி இறக்க உதவிக்குப் போன கலர் அக்கா அங்கேயே நாலு நாள் தங்கிவிட்டாள். போகும்போது மேனேஜர் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. திரும்பி வந்து பையை இறக்கி வைத்துவிட்டு, பழக்கப்படி அட்டையைப் பார்த்தாள், பல்லியைப் பார்த்தாள்.

சேரவில்லை.

குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். அட்டையில் இருப்பது கலங்கல் மஞ்சள். பெட்டிக்குள் இருப்பதோ பளிச்சென்று எலுமிச்சைத் தோல் போல இருந்தது. பட்டைகளும் ஓரத்தில் பிய்ந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

"அப்பா, மேனேஜருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலியே. ஆங், முந்தா நாள் மத்தியானம் பாத்தேன், சுண்ணாம்பு அடிச்ச மாதிரி முழுசா வெள்ளையா நின்னுச்சு. பயந்துட்டேன். சரி, ஒரு தூக்கம் போட்டுட்டு வந்து பாக்கலாம்னு படுத்தேன். எந்திரிச்சுப் பாத்தா இப்படி ஜம்முனு இருக்கு."

"வெள்ளையா ஆனா, அந்த வெள்ளை எங்க போச்சு? தோல் உரிச்சிருந்தா தோல் கிடக்கணுமே?"

"நானும் தேடினேம்மா. காணோம்."

அவள் பெட்டியைத் துழாவினாள். ஈர டிஷ்யூ, தண்ணீர்க் கிண்ணம், குகை. தோல் என்று ஒரு துணுக்குகூட இல்லை. குப்பைத் தொட்டியைத் திறந்தாள். மேலேயே ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா, மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டது. தம்பி பல்லியை வாங்கி வந்த அதே மாதிரி டப்பா.

"இது ஏது?"

"புழு தீந்துபோச்சு, அந்தக் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தேன். அதுல போட்டுக் குடுத்தான்."

சொல்லச் சொல்ல அவருக்கே அது பொய்போலக் கேட்டது. அவர் குரல் இறங்கியதைக் கேட்டு அவளுக்குச் சந்தேகம் ஏறியது. மேனேஜர் செத்துப்போய், அப்பா பயந்துபோய், ஓடிப்போய் இன்னொன்றை வாங்கி வைத்துவிட்டார் என்று எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. மஞ்சள் மட்டும்தான் பொருந்தவில்லை.

மறுநாள் பிராணிக் கடைக்கே போனாள். கடைக்காரர் மீன் தொட்டிக்குள் தோள் வரை கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி போட்ட பெரியவர் ஒருத்தர் வந்தாரா?"

"வந்தாரு. வாங்கினாரு."

"என்ன வாங்கினாரு?"

"பல்லிக்குத்தான் ஏதோ... இல்ல, பல்லியா? அன்னிக்குக் கூட்டம்மா. நான் மீன் ஆளு. பல்லியெல்லாம் என் மச்சான் பாத்துக்குவான், அவன் ஊருக்குப் போயிருக்கான்."

"இது கலர் மாறுமா?"

"மாறுறதுதான் மாறும், மாறாதது மாறாது" என்று சொல்லிவிட்டு, அவர் பாசியைச் சுரண்டப் போய்விட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்து தம்பிக்கு மெசேஜ் போட்டாள். பல்லி செத்ததாக எழுத மனம் வரவில்லை. 'உன் பல்லிக்கு ஏதாவது அடையாளம் உண்டாடா?' என்று மட்டும் கேட்டாள். மெசேஜ் அவனுக்குப் போய்ச் சேரவேயில்லை. நடுக்கடலில் இருப்பான் என்று விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் மேனேஜர் குகையை விட்டு வெளியே வந்தது. பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு, அட்டையைக் கையில் பிய்த்து வைத்துக்கொண்டு கலர் அக்கா உட்கார்ந்திருந்தாள். அப்பா பக்கத்தில் நின்றார்.

"நான் எதையும் மாத்தலம்மா. நீயே பாரேன், இதோ இந்தப் பின்னங்..." என்று மேனேஜர் நின்ற மூலையை நோக்கி விரலை நீட்டினார்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கையிலிருந்த அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒண்ணு இது வேற பல்லி. இல்லன்னா என் கண்ணு போச்சு. ரெண்டுல ஒண்ணுதான். வராந்தாவும் தப்பு, இதுவும் தப்புன்னா, நாளைக்கு நான் எந்த முகத்த வெச்சுக்கிட்டுக் கலவை மேஜைல நிப்பேன்?" அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீட்டிய விரலை அப்பா மெதுவாக மடக்கிக்கொண்டார். முப்பது வருஷம் லிஃப்டுக்குள் நின்றவர். எந்த மாடி என்று ஆள் சொல்வதற்கு முன்பே முகத்தைப் பார்த்துப் பட்டனை அழுத்தியவர்.

"செத்துப்போச்சும்மா" என்றார். "மாத்திட்டேன். உன் கண்ணு தப்பாதுன்னு தெரிஞ்சும் மாத்தினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவளிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. நிம்மதிதான் வந்தது. அதற்காக வெட்கமும் வந்தது.

"எப்படிப்பா செத்துச்சு?"

"தூக்கத்துல."

"எங்க புதைச்சீங்க?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "அந்தத் தொட்டியில" என்றார். பால்கனியில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் என்ன செய்தாலும் துளிர்விடாத ஒரு செடி.

மறுநாளிலிருந்து வீடு இளகியது. கலர் அக்கா வேலையிலிருந்து வந்ததும் தொட்டிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவாள். பிறகு அப்பாவோடு உட்கார்ந்து 'புது மேனேஜர்' சாப்பிடுவதைப் பார்ப்பாள். தம்பியிடம் இதைச் சொல்வதில்லை என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். கப்பல் போனிலிருந்து அவன் அவசரமாகக் கூப்பிட்டு, தன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டதைச் சொல்லி, "பல்லி எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "நல்லா இருக்கு" என்றாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில சமயம் அவர் உளறுவதும் உண்டு.

"பழைய மேனேஜர் கடைசியா என்னப்பா சாப்பிட்டுச்சு?"

"சாப்பிட்டுட்டு இருக்கும்போதேதான் போச்சு."

"தூக்கத்துலன்னீங்களே?"

"சாப்பிட்டு... அப்படியே தூங்கிடுச்சு."

"பாவம்ப்பா" என்பாள். அப்பாவும் "பாவந்தான்" என்பார். அவருக்கே யார்மேல் பாவப்படுகிறோம் என்று பிடிபடாத மாதிரி ஒரு முகம்.

புது மேனேஜரை இந்தத் தடவை தவறவிடக் கூடாது என்று கவனிப்பு பலமாயிற்று. பெட்டிக்கு அடியிலிருக்கும் மின்சாரச் சூட்டு விரிப்பைத் தொட்டுப் பார்ப்பது, டிஷ்யூவை நனைப்பது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் அப்பாவின் வேலை. புழுவைப் பவுடரில் புரட்டிப் போடுவது அவள் வேலை. நிறத்தைப் பார்க்கவே வேண்டாம், வாலைப் பார்த்தால் போதும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வால் தடியாக இருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம், கொழுப்பை அங்கேதான் சேர்த்து வைக்குமாம். வாலும் மாதாமாதம் தடித்துக்கொண்டே போனது. அவள் புது அட்டை எதுவும் தீற்றி ஒட்டவில்லை. பழையதை மட்டும் இழுப்பறையில் போட்டு வைத்தாள்.

கடையிலும் ஒருநாள் மேஸ்திரி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"அக்கா, வராந்தா சேந்துடுச்சு!"

"திரும்ப அடிச்சீங்களா?"

"ஒரு கோட்டுகூட அடிக்கல. நேத்து கரண்ட் போச்சு. பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே சுவரு! அந்த டாக்டர் மனுஷன் பாதி வராந்தாக்கு மட்டும் மஞ்சள் லைட்டு மாத்தி வெச்சிருக்காரு. அதைச் சொல்லாம நம்மளப் போட்டு வறுத்து எடுத்துட்டாரு."

முதலாளி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கண் டெஸ்டைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அவர் கேட்டுக் கேட்டுச் சிரித்தார், கைதட்டிக்கூடச் சிரித்தார்.

"அப்ப உன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லப்பா."

"அப்ப..." என்று பெட்டியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பால்கனித் தொட்டியைப் பார்த்தார். எந்நேரமும் தண்ணீர் கிடைத்த கொழுப்பில் அந்தச் செடி புதிதாகத் துளிர் விட்டிருந்தது.

"அப்ப என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. டீ போடட்டுமா?"

"கடைலயே குடிச்சிட்டேனே."

"சரி, எனக்கு மட்டும் போட்டுக்கிறேன்" என்று எழுந்து போனார்.

மாதங்கள் ஓடின. மேனேஜரின் பட்டைகள் முழுக்கக் கலைந்து, உடம்பெல்லாம் சிறுத்தைபோலப் புள்ளியாயிற்று. ஒரு விடுமுறை நாள் காலை. ஜன்னல் வழியே நல்ல வெளிச்சம். அப்பா பால்கனியில் செம்போடு நின்று தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கலர் அக்கா பெட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் போன் தொடர்ந்து சிணுங்கியது.

'அக்கா, ஒருவழியா துறைமுகத்துல இறங்கிப் புது போன் வாங்கிட்டேன். நீ எப்பவோ அனுப்பினதெல்லாம் இப்பத்தான் மொத்தமா வந்து கொட்டுது.'

'பல்லிக்கு அடையாளம் கேட்டிருக்க. ஏன், தொலைச்சிட்டியா? கலரை மட்டும் நம்பாத. ஒவ்வொரு தடவை தோல் உரிக்கிறப்பவும் மாறும். உரிச்ச தோலையும் அதுவே தின்னுடும், தேடினாலும் கிடைக்காது. வளர வளர பட்டை போய்ப் புள்ளி வந்துடும்.'

அவள் துடைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றது.

'பின்னங்காலைப் பாரு, இடது பக்கம். கடைசி விரல் இருக்காது. கடைல ஈரம் இல்லாம வெச்சிருந்தாங்க, தோல் இறுகி விரல் போயிடுச்சு. அதான் டிஷ்யூ காயக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேன்.'

அவள் குனிந்தாள். துடைக்கும் சத்தத்தில் குகையை விட்டு வந்திருந்த மேனேஜர், காலை வெளிச்சம் மேலே பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இடது பின்னங்காலைக் கண்ணாடியில் ஊன்றி எக்கியது. வலது காலில் ஐந்து விரலையும் எண்ணிவிட்டு இடது காலுக்கு வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்கப்புறம் மொட்டையாக ஒரு இடம். பழைய காயம், எப்போதோ ஆறிப்போனது.

பால்கனியில் செம்பு தொட்டியின் விளிம்பில் இடிக்கும் சத்தம் கேட்டது. போன் இன்னொரு தடவை சிணுங்கியது.

'நான் வாங்குறப்ப அதைக் கவனிக்கவே இல்லக்கா. அன்னிக்குச் சாயங்காலம் பெட்டியைத் திறந்ததும் அப்பாதான் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, விரல் ஒண்ணு கம்மியா இருக்கேடான்னு காட்டினாரு. அவருக்குத் தெரியுமே, கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பாரே?'